நாற்பத்தாறு அங்குல பெல்ட்

கடைக்காரர்: ஐயோ! யாரது? கண்ணாடிக் கதவும்மா அது! இப்படி இடிச்சா சிதறிடும்!

கண்டக்டர்: சிதறட்டும். அந்தத் துணியை ஏன் போட்டு மூடுறீங்க?

கடைக்காரர்: எந்தத் துணி?

கண்டக்டர்: மேசை மேல கிடக்கே, அந்தத் துணி. நான் கதவைத் தள்ளினதும் அவசர அவசரமா மூடினீங்களே.

கடைக்காரர்: தோல் சாமான்... தூசி படக்கூடாதுல்ல. அட, நம்ம கண்டக்டர் தங்கச்சியா! யூனிஃபார்மோடயே வந்திருக்க. டிக்கெட் பை வார் அறுந்துடுச்சா? போன மாசம்தானே ரெட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்?

கண்டக்டர்: பை நல்லாத்தான் இருக்கு. துணியை எடுங்கண்ணே.

கடைக்காரர்: ஞாயித்துக்கிழமை கடை லீவும்மா. நாளைக்கு வா.

கண்டக்டர்: லீவு விட்ட கடையில லைட்டு எரியுது, உங்க கையில குத்தூசி இருக்கு. வெளியில நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் வர்றேன். அது சாம்பியன் பெல்ட்.

கடைக்காரர்: எவ்வளவோ பெல்ட் வருது, போகுது...

கண்டக்டர்: நடுவுல கழுகு. ரெண்டு பக்கமும் சிவப்புக் கல்லு. இடது ஓரத்துல ஒரு கல்லு இல்ல. போன வருஷம் அந்த டாக்டர் வேஷக்காரன் பெல்ட்டாலயே நம்ம சாம்பியன் மலைமுழுங்கி மண்டையில போட்டானே, அப்போ தெறிச்ச கல்லு. நான் மூணாவது வரிசையில இருந்தேன். எங்கிட்டயே கதை விடுறீங்களா?

கடைக்காரர்: சரி, அதேதான். இப்ப என்னங்கிற? குஸ்திக் கம்பெனிக்காரங்க சாமான் கொடுக்கிறாங்க, தைச்சுக் கொடுக்கிறேன்.

கண்டக்டர்: தைக்கலியே. வெட்டியிருக்கீங்க. கீழ கிடக்குது பாருங்க ரெண்டு துண்டு.

கடைக்காரர்: அது... வேற சாமானோட கழிவு.

கண்டக்டர்: தங்கக் கலர் ஓரம் போட்ட கழிவா? இருங்க, எடுத்துப் பார்க்கிறேன். ஒரு துண்டு அஞ்சு அங்குலம். அடுத்ததும் அஞ்சு. மலைமுழுங்கி இடுப்பு நாற்பத்தாறு. பத்து போனா முப்பத்தாறு. அந்தக் கம்பெனியில முப்பத்தாறு இடுப்பு எவனுக்கு இருக்கு?

கடைக்காரர்: எனக்கு எப்படித் தெரியும்?

கண்டக்டர்: ஊசிவெடிக்கு! அந்தத் தலைமுடிக்காரனுக்கு! இன்னிக்கு ஆறு மணிக்கு அவன்தான் ஜெயிக்கப் போறான். சொல்லுங்க, ஆமாவா இல்லையா?

கடைக்காரர்: மெதுவாப் பேசும்மா. பக்கத்துக் கடைக்குக் கேட்கும்.

கண்டக்டர்: கேட்கட்டும்! சாம்பியன் மாறப் போறான்னா முன்னாடியே பெல்ட் உங்ககிட்ட வந்துடும், புது ஆளோட இடுப்புக்குப் பட்டன் மாத்தணும்... நீங்கதானே சொன்னீங்க?

கடைக்காரர்: நான் எப்பச் சொன்னேன்?

கண்டக்டர்: பை தைக்கும்போது. பெருமையா. "ஊருக்கு ஞாயித்துக்கிழமை தெரியுறது எனக்கு வியாழக்கிழமையே தெரியும் தங்கச்சி"ன்னு.

கடைக்காரர்: என் வாயில ரெட்டைத் தையல் போடணும்.

கண்டக்டர்: பன்னிரண்டு வருஷம்ணே! மலைமுழுங்கி பன்னிரண்டு வருஷமா அந்தக் கம்பெனியை முதுகுல தூக்கிட்டு நிக்கிறாரு. தோள்பட்டை எலும்பு உடைஞ்சும் மேட்சை முடிச்ச மனுஷன். அவர் இடுப்புல இருந்து கழட்டி நேத்து வந்தவனுக்கு மாட்டுவாங்களா? அந்த ஊசிவெடி வந்து எத்தனை மாசம் ஆச்சு?

கடைக்காரர்: எட்டோ என்னமோ.

கண்டக்டர்: ஆறு! பத்து நிமிஷம் மைக்கைப் பிடிச்சுப் பேசுறான், ரெண்டு நிமிஷம் சண்டை போடுறான். அதுலயும் ஒரு நிமிஷம் முடியைச் சரி பண்றான். கீழ விழவே தெரியல அவனுக்கு. சோபாவுல சாயுற மாதிரி விழுறான்.

கடைக்காரர்: சின்னப் பையன்... கத்துக்குவான்.

கண்டக்டர்: கத்துக்கட்டும், அப்புறம் பெல்ட்டைக் கொடுக்கட்டும். எனக்கு இவன் மேலகூடக் கோபம் இல்ல. அந்தக் கதை எழுதுறவன் இருக்கான் பாருங்க, அவன் மட்டும் என் பஸ்ல ஏறினான்னா நடு ரோட்டுல இறக்கி விட்ருவேன்.

கடைக்காரர்: டிக்கெட் எடுத்திருந்தாலுமா?

கண்டக்டர்: எடுத்திருந்தாலும்தான். என்ன கதைண்ணே அது? ரெஃப்ரி வாரா வாரம் மயங்கி விழுறாரு. பின்னாடி ஒரு ஊரே நாற்காலியோட வந்து அடிச்சுட்டுப் போகுது, அவரு எழுந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுறாரு. அவருக்கு வீட்டுல சாப்பாடு போடுறாங்களா இல்லையா?

கடைக்காரர்: ஹ... ஹ...

கண்டக்டர்: சிரிக்காதீங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துன்னு ரிங்குக்குள்ள மேசை போடுறான். மேசை போட்டா எவனாவது ஒருத்தனை அது மேல தூக்கிப் போடுவான்னு எனக்குத் தெரியுது. போடுறவனுக்குத் தெரியாதா? நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டா ஆகாதா? அப்புறம் அந்தச் செத்துப்போன தம்பி திரும்பி வந்த கதை...

கடைக்காரர்: அது நல்லாத்தானே இருந்துச்சு? எங்க வீட்டுல அழுதாங்க.

கண்டக்டர்: அதே டாக்டர் வேஷக்காரன்தான் ஒட்டு மீசை வச்சுக்கிட்டு வந்தான்ணே! ரெண்டாவது வாரம் மீசை வேர்வையில கழண்டு காதுல தொங்குது, அண்ணன்காரன் "தம்பீ"ன்னு கட்டிப்பிடிச்சு அழுறான். மூணாயிரம் பேர் உட்கார்ந்திருக்கோம், எங்களை என்ன நெனச்சுட்டாங்க?

கடைக்காரர்: எல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுதானே போற? அப்புறம் எதுக்கு இவ்வளவு கோபம்?

கண்டக்டர்: பொய்தான். அது எனக்கு ஏழாங் கிளாஸ்லயே தெரியும். நல்லாப் பொய் சொல்லுங்கன்னுதானே கேட்கிறேன்? காசு கொடுத்து வந்தவளை மதிச்சு, யோசிச்சு, ஒழுங்கா ஒரு பொய்யைச் சொல்லுங்கடான்னு கேட்கிறேன். அது தப்பா?

கடைக்காரர்: தப்பில்ல. வேலை நேரம் போகுது தங்கச்சி. அஞ்சு மணிக்கு வண்டி வந்துடும்...

கண்டக்டர்: மலைமுழுங்கி அப்படிப் பொய் சொல்லத் தெரிஞ்ச ஆளு. தபால்காரன்னு ஒருத்தன் வந்தானே, ஞாபகம் இருக்கா? முதல் மேட்ச். பாவம், எங்க அடிக்கணும்னே தெரியல அவனுக்கு. இவரு அவன்கிட்ட அடி வாங்கினாரு பாருங்க... அவன் தொட்டதும் ரிங்கோட அந்தக் கோடிக்குப் போய் விழுந்தாரு. மூணாவது வரிசையில எனக்கு வலிச்சுதுண்ணே. அன்னிக்கு ராத்திரியே தபால்காரன் பெரிய ஆளாயிட்டான். அப்படி விட்டுக் கொடுக்க எவனுக்கு மனசு வரும்?

கடைக்காரர்: ...ம். உண்மைதான்.

கண்டக்டர்: அந்த மனுஷனை அஞ்சு மாசமா என்ன பண்ணி வச்சிருக்காங்க? "சாம்பியன் எங்கே? சாம்பியன் எங்கே?" வாரா வாரம் இதே பாட்டு. வீடியோவுல ஆளையே காட்டல. இருட்டு. இருட்டுக்குள்ள இருந்து குரல் மட்டும் வருது, "நான் வருவேன்... நான் வருவேன்..." கரண்ட் பில் கட்டலியா? ஒரு பல்பு வாங்கி மாட்டக்கூடாதா?

கடைக்காரர்: கதைம்மா அது.

கண்டக்டர்: கேவலமான கதை. எனக்கு அவர் மேலயும் கோபம். எவன் எதை எழுதிக் கொடுத்தாலும் தலையாட்டுறதா? "முடியாதுடா, வெளிச்சத்துல நிப்பேன்"னு சொல்ல வேண்டியதுதானே? அதான் எழுதினேன். "ஓடிப்போன சாம்பியன்."

கடைக்காரர்: அது நீ எழுதினதா?

கண்டக்டர்: பின்ன? "மூணாவது வரிசை"ன்னு நெட்டுல நம்ம பக்கம், நாற்பதாயிரம் பேர் படிக்கிறாங்க. ஊரு முழுக்க இப்ப அதைத்தான் சொல்லுது. ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

கடைக்காரர்: ஒண்ணுமில்ல.

கண்டக்டர்: மூஞ்சி மாறிடுச்சே.

கடைக்காரர்: ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. அந்தத் துண்டுங்களைக் கீழ வச்சுட்டுக் கிளம்பு.

கண்டக்டர்: கிளம்புறேன். அதுக்கு முன்னாடி கம்பெனி முதலாளிக்கு ஒரு ஃபோன் போடுங்க. "விஷயம் வெளியில தெரிஞ்சுபோச்சு, முடிவை மாத்துங்க"ன்னு சொல்லுங்க.

கடைக்காரர்: விளையாடுறியா?

கண்டக்டர்: இல்லேன்னா பெல்ட்டைப் படம் எடுத்துப் போடுவேன். வெட்டின துண்டோட. "ஊசிவெடிதான் ஜெயிக்கப் போறான், மலைமுழுங்கியைத் துரத்துறாங்க, எவனும் இன்னிக்கு ஷோவுக்குப் போகாதீங்க"ன்னு எழுதுவேன். காலி நாற்காலிக்கு முன்னாடி அவன் பெல்ட்டைத் தூக்கிக் காட்டட்டும்.

கடைக்காரர்: ஏய்... அதை மட்டும் செஞ்சுடாத.

கண்டக்டர்: ஏன், வேலை போயிடுமா?

கடைக்காரர்: வேலை போனாப் போகுது! ஒம்பது வருஷம் செஞ்சாச்சு, போதும். இன்னிக்கு ஹாலு காலியா இருக்கக்கூடாது. மத்த நாள் நீ என்ன வேணா எழுது, இன்னிக்கு வேண்டாம்.

கண்டக்டர்: அப்ப அந்த ஊசிவெடிக்கு நீங்களும் ஜால்ரா.

கடைக்காரர்: ஊசிவெடி... ஊசிவெடி... வாயை மூடு! எவ்வளவு நேரமா நானும் பொறுத்துக்கிட்டு இருக்கேன். மூணாவது வரிசையில உட்கார்ந்தா எல்லாம் தெரிஞ்சிடுமா உனக்கு? முப்பத்தாறுன்னா ஊசிவெடிதானா?

கண்டக்டர்: பின்ன வேற யாரு? அந்தக் கம்பெனியில எல்லார் அளவும் எனக்குத் தெரியும். புதுசா எவனையாவது கொண்டு வர்றாங்களா?

கடைக்காரர்: புது ஆளு இல்ல.

கண்டக்டர்: அப்ப சொல்லுங்க. யாரு இடுப்பு அது?

கடைக்காரர்: சொல்லமாட்டேன்னு கையடிச்சுக் கொடுத்திருக்கேன்.

கண்டக்டர்: சரி, நான் எழுதிக்கிறேன்.

கடைக்காரர்: இரு! இரு... இப்படி உட்காரு. அந்த ஸ்டூல்ல உட்காரு. வெளியில ஒரு வார்த்தை போகக்கூடாது.

கண்டக்டர்: நின்னுக்கிட்டே கேட்கிறேன்.

கடைக்காரர்: வியாழக்கிழமை மத்தியானம் பின்வாசல் பக்கமா ஒரு அம்மா ஒருத்தரைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்தாங்க. யாரோ வயசானவர்னு நெனச்சு, இதே ஸ்டூலை எடுத்துப் போட்டேன். சட்டை தொளதொளன்னு தொங்குது. தொப்பி. உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டு, "என்னப்பா, உன் பெல்ட்டுல இன்னும் ஓட்டை போட இடம் இருக்கா?"ன்னாரு. அப்பத்தான் எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. குரல் மட்டும்தான் மாறல தங்கச்சி.

கண்டக்டர்: ...யாரு?

கடைக்காரர்: இன்னுமா புரியல?

கண்டக்டர்: இல்ல... அவருக்கு நாற்பத்தாறு...

கடைக்காரர்: இருந்துச்சு. டேப்பைச் சுத்திட்டு முப்பத்தாறுன்னு படிச்சேன். என் கண்ணுதான் சரியில்லையோன்னு மறுபடி சுத்தினேன். "சரியாத்தான் இருக்கு, மருந்து அப்படி"ன்னாரு.

கண்டக்டர்: அந்த இருட்டு வீடியோ...

கடைக்காரர்: ஆஸ்பத்திரிப் படுக்கையில இருந்து எடுத்தது. முகத்தைக் காட்டினா ஊருக்கே தெரிஞ்சுபோயிடும்னு விளக்கை அணைக்கச் சொன்னதே அவர்தான். கதை எழுதுறவன் இல்ல. நீ ஏசினியே, பல்பு வாங்கி மாட்டக்கூடாதான்னு...

கண்டக்டர்: எனக்கு எப்படிண்ணே தெரியும்? யாராவது சொன்னாத்தானே? நாற்பதாயிரம் பேரை முட்டாளாக்கிட்டு, இப்ப எங்கிட்டக் கத்துறீங்க!

கடைக்காரர்: ஊருக்கெல்லாம் சொல்லணும்னு என்ன சட்டமா? அது அவர் உடம்பு. அவர் சொல்றப்பதான் சொல்லணும்.

கண்டக்டர்: எப்பச் சொல்றாரு?

கடைக்காரர்: இன்னிக்கு. ஆறு மணிக்கு. அதுக்குத்தானே இவ்வளவும். சண்டை கிடையாது. விளக்கு எல்லாத்தையும் போடச் சொல்லியிருக்காரு. பத்து நிமிஷம் ரிங்குல நிக்கப் போறாரு, சட்டை இல்லாம, இப்ப எப்படி இருக்காரோ அப்படியே. கையைத் தூக்கும்போது பெல்ட்டு நழுவக்கூடாதுன்னுதான் அளவெடுக்க வந்தாரு. பெல்ட்டைக் கம்பெனி அவருக்கே கொடுத்துடுச்சு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாரு.

கண்டக்டர்: திரும்பி வரமாட்டாரா?

கடைக்காரர்: அந்த அம்மாவை நான் கேட்டேன். அவங்க குனிஞ்சு அவர் தொப்பியைச் சரி பண்ணிவிட்டாங்க, அவ்வளவுதான்.

கண்டக்டர்: நான் எழுதினது... "ஓடிப்போன சாம்பியன்"... அதை அவரு...

கடைக்காரர்: படிச்சிருக்காரு. எங்கிட்டயே சொல்லிச் சிரிச்சாரு, "ஓடுற அளவுக்குத் தெம்பு இருக்குன்னு நெனக்கிறாங்களே, நல்லதுதான்"னு. சிரிச்சுட்டு, கிளம்பும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

கண்டக்டர்: என்ன?

கடைக்காரர்: "ஞாயித்துக்கிழமை ஹாலு நிறையுமாப்பா? என் மேல எல்லாருக்கும் கோபம். வருவாங்களா?"ன்னு. அந்தப் பெரிய மனுஷன் வாயில இருந்து அப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்ல. "நிறையும்ணே, கோபம் இருக்கிறவங்கதான் முதல் ஆளா வருவாங்க"ன்னு சொல்லி அனுப்பினேன். அதுக்குத்தான் உன் கால்ல விழாத குறையா நிக்கிறேன். எதையும் எழுதாத. ஃபோனைப் பைக்குள்ள வை. ஆறு மணிக்குப் போய் உன் மூணாவது வரிசையில உட்காரு, தொண்டை கிழியக் கத்து. அது போதும் அவருக்கு. என்னம்மா... ஏன் ஃபோனையே பார்த்துட்டு நிக்கிற?

கண்டக்டர்: கதவைத் தள்ளுறதுக்கு முன்னாடியே, எவனும் போகாதீங்கன்னு போட்டுட்டேன்ணே... என் டிக்கெட்டைக் கிழிச்சுத்தான் முதல் படம் போட்டேன், இப்ப எழுநூறு பேர் கிழிச்சுப் போட்டிருக்காங்க.