கிளட்ச் எட்டும் தூரம்

ஹலோ... ஹலோ, யாரு, அக்காவா? நான்தான்கா, பச்சை வண்டிக்காரப் பொண்ணு. மாஸ்டர் இருக்காரா?... குளிக்கிறாரா? காலைல கூப்பிட்டப்பவும் குளிக்கிறாருன்னுதானேக்கா சொன்னீங்க... இல்லக்கா, உங்கள ஒண்ணும் சொல்லல. ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தன தடவதான் குளிப்பாரு?... ஆமா ஆமா, குஷன் கடைப் பசை நாத்தம் லேசுல போகாதுதான்... அக்கா, பின்னாடி அவர் குரல் எனக்கே கேக்குது. "தூங்குறேன்னு சொல்லு"ங்கிறாரு. குளிக்கிறவர் எப்படிக்கா தூங்குவாரு... குடுங்க. கொஞ்சம் குடுங்கக்கா.

...ம், மாஸ்டர். குளிச்சு முடிச்சாச்சா?

சந்தோஷம். நான் எங்க இருந்து பேசுறேன் தெரியுமா? ஷெட்டுல, காருக்குள்ள, நீங்க ஒட்டிட்டுப் போன கார்பெட் மேல மண்டி போட்டு உக்காந்து பேசுறேன். முன் சீட்டு ரெண்டும் வெளிய சுவரோரமா கிடக்கு... ஏன்னா? மாட்ட முடியல, அதான்.

...இல்ல, இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன். அப்புறம் நீங்க பேசுங்க... மாஸ்டர், நான் சொல்லி முடிச்சிடறேன்.

கலர் நல்லா இருக்கு. ஆமா, நானே சொல்றேன், கலர் அருமை. ஓரத் தையல் நேரா ஓடுது. அதையெல்லாம் நான் குறை சொல்லல. டிரைவர் சீட்டுக்குத் தரையில ரெண்டு செட்டு ஓட்டை இருக்குல்ல, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு? எங்க அப்பா வண்டி வாங்குன நாள்லேர்ந்து சீட்டு பின் ஓட்டையிலதான் நிக்குது. அவர் உயரத்துக்கு அதான் சரி. நீங்க கார்பெட்ட எங்க வெட்டி வைச்சிருக்கீங்க? முன் ஓட்டையில. பின் ஓட்டை எங்க இருக்குன்னே தெரியல, மேல பசையப் போட்டு அப்பி வைச்சிருக்கீங்க. காலையிலேர்ந்து விரலால தடவித் தடவிப் பாக்குறேன், ஒட்டடைக்குச்சி முனையால குத்திக்கூடப் பாத்துட்டேன்...

...என்னது, முன்னாடி போட்டா பின் சீட்டுல உக்காருறவங்களுக்குக் கால் நீட்டலாமா? பின் சீட்டுல யார் மாஸ்டர் உக்காரப் போறா? எங்க வீட்டுல இருக்கிறதே நாங்க ரெண்டு பேரு.

...சரி. சரி, அது போகட்டும். கதவுக்கு உள்பக்கம் போடுற டோர் பேடுக்கு வர்றேன். பழைய அட்டைய எதுக்குக் குடுத்தேன் உங்ககிட்ட? எலி கடிச்சது, தண்ணி குடிச்சு உப்புனது, எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு அதப் பத்திரமாக் கழட்டிக் குடுத்தேன்ல? "இத வைச்சு அப்படியே வரைஞ்சு வெட்டுங்க, ஒரு ஓட்டைகூட நகரக் கூடாது"ன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்ல? நீங்களும் "ஆகட்டும், ஆகட்டும்"னு மண்டைய மண்டைய ஆட்டுனீங்க. இப்ப டிரைவர் கதவுல கை வைக்கிற கட்டை நாலு விரல் முன்னாடி வந்து நிக்குது. நான் அளந்தேன். பழைய ஸ்க்ரூ ஓட்டைய ரெக்சின் போட்டு மூடிட்டீங்க... ஆமா... ஆமா, நல்லாத்தான் மூடியிருக்கீங்க, வெளிய தெரியல. அத நான் பாராட்டணுமா?

அப்புறம் அந்தப் பக்கக் கதவு. அதுக்கு மேல, கூரையோரமா ஒரு கைப்பிடி போட்டிருக்கீங்களே, இரும்புல, மேல தோல் சுத்தி, பஸ்ஸுல தொங்குற மாதிரி. அது யார் கேட்டது?... இந்த வண்டியில அது கிடையவே கிடையாது மாஸ்டர். இந்த மாடல் ஒரு வண்டியிலயும் கிடையாது. நான் இந்த வண்டிக்கு கண்ணாடி ஏத்துற பிடியோட குமிழுக்காக எத்தன பழைய இரும்புக் கடை ஏறி இறங்கியிருக்கேன் தெரியுமா? அப்படியே பழையபடி வரணும்னு ஒத்தைக் காலுல நின்னேன். நீங்க என்னடான்னா...

...சும்மா ஒரு அழகுக்கா? உங்க அழகுல இடி விழ. சாரி. சாரி மாஸ்டர், வாய் தவறிடுச்சு. ராத்திரி சரியாத் தூங்கல.

ஏன் இவ்வளவு பதறுறேன்னா, நாளைக்குக் காலைல நாங்க அத்தை வீட்டுக்குக் கிளம்புறோம். அப்பா ஓட்டிட்டு வர்றாருன்னு ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கேன். அத்தை தெருமுனையில வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கா. அப்பா ரெண்டு வருஷமா ஜன்னல விட்டு நகரல. கேட்டா "பேப்பர் படிக்கிறேன்"பாரு, பேப்பர் தலைகீழாக் கிடக்கும். அவர் கை இந்த ஸ்டியரிங்ல பட்டா பழைய ஆளா ஆயிடுவாருன்னுதான் நான் ஆபீஸ் விட்டு வந்து கையெல்லாம் கிரீஸாத் திரியுறேன். இது எனக்கு வண்டி இல்ல மாஸ்டர். நான் செத்தாலும் இது என் வண்டி இல்ல. இது அவரோடது. அவர் உக்காந்தா, கண்ண மூடிட்டுக் கைய வைச்சா, கட்டை அங்க இருக்கணும். இல்லன்னா உக்காந்த உடனே இறங்கிடுவாரு. எனக்குத் தெரியும் அவர.

...ஆமா, நாளைக்கேதான்.

...சரி, இப்ப நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். ரெக்சின் வெட்டுற கத்தி கையிலதான் இருக்கு. பின் ஓட்டை இருக்கிற இடத்துல ஒரு கீறு கீறி... இல்ல, கேக்க மாட்டேன்... நீங்க கத்தாதீங்க, என் காது கிழியுது. டிரைவர் பக்கத்த மட்டும்தான் பிய்க்கப் போறேன். உங்க கார்பெட், உங்க தையல், எல்லாம் தெரியும். ஏன், நீங்க கேக்காம நகத்தலாம், நான் கேக்காம வெட்டக் கூடாதா?

...வெட்டல. இன்னும் வெட்டல. சொல்லுங்க, என்ன சொல்லப் போறீங்க?... "ஒண்ணுமில்ல, சும்மா வெட்டாதீங்க"ன்னா அது ஒரு பதிலா?

பிரேக்கு மிதிக்கிறப்பக் குதிகால் வைக்க ஒரு ரப்பர் தைச்சிருக்கீங்கல்ல, கார்பெட் மேல. அதுவும் இடம் மாறியிருக்கு. பெடலுக்கு ரொம்பப் பக்கத்துல. அப்பா கால் எவ்வளவு பெருசு, அவர் செருப்புக்குள்ள என் ரெண்டு காலும் போகும். அவர் அங்க குதிகால வைச்சா விரல் பெடலத் தாண்டி மேல போய் முட்டும். இது...

இருங்க.

...இல்ல, நீங்க இருங்க. சீட்டு முன்னாடி. கட்டை முன்னாடி. ரப்பரும் முன்னாடி. மாஸ்டர், ஒண்ணு மாறுனாக் கைத்தப்பு. மூணும் ஒரே பக்கமா, ஒரே கணக்கா எப்படி மாறும்? யாரோ அளவு குடுத்திருக்காங்க உங்களுக்கு. யாரு குடுத்தது?

...மழுப்பாதீங்க... "கடையில ஆள் மாத்திச் செஞ்சுட்டான்"னு சொல்லாதீங்க, உங்க கடையில உங்களத் தவிர ஒரு பூனைதான் இருக்கு... யார்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தீங்க? யார்கிட்ட?

...

அப்பாவா?

...எப்ப வந்தாரு? அவர் எப்படி வந்தாரு உங்க கடைக்கு? மாடிப்படி இறங்கவே... ஆட்டோவுலயா. எனக்குத் தெரியாமயா... ம்... ம்... அளவு எழுதிட்டு வரலயா? பின்ன?... கயிறா? முடிச்சுப் போட்ட கயிறு?... ஆமா. ஆமா, சாக்பீஸ். இருங்க மாஸ்டர், எனக்கு இப்பத்தான் உறைக்குது.

போன மாசம் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தாரு. கார்பெட்டெல்லாம் வராத நேரம், வெறும் தகரம். "ஸ்பிரிங் அமுங்குதான்னு பாக்கணும், கொஞ்சம் உக்காரு"ன்னாரு. நான் உக்காந்தேன். "முன்னாடி தள்ளி உக்காரு, கால நீட்டு, கைய வைச்சுக் காட்டு"ன்னு ஆயிரம் சொன்னாரு. ஸ்பிரிங் பாக்குறதுக்குக் கை எதுக்குப்பான்னு சிரிச்சேன். கதவோரமா மண்டி போட்டு உக்காந்து என் குதிகால்கிட்ட சாக்பீஸால ஒரு கோடு போட்டாரு; அதத்தான் அப்புறம் கயிறால அளந்து முடிச்சுப் போட்டிருக்காரு. எந்திரிக்க முடியாம நான்தான் தூக்கி விட்டேன். "இந்த முழங்கால வைச்சுக்கிட்டு உங்களுக்கு இதெல்லாம் தேவையா"ன்னு திட்டிட்டு வேற அனுப்பினேன்.

...

ஆனா ஏன் மாஸ்டர்? நான் சின்னப் பொண்ணா இருந்தப்பலேர்ந்தே இந்த வண்டிய மட்டும் தொட விட மாட்டாரு. "உனக்கு கிளட்ச் எட்டாது"ன்னே சொல்லிச் சொல்லி விரட்டுவாரு. மத்த வண்டியெல்லாம் ஓட்டு, இது மட்டும் வேணாம்பாரு. அப்படிப்பட்டவரு...

...என்ன சொன்னாரு? அவர் சொன்னத அப்படியே சொல்லுங்க. எனக்காக மெருகேத்தாதீங்க.

...கால் இருக்கிறதே தெரியலன்னாரா?

...ரெண்டு காலுமா?... பிரேக்குல வைச்சிருக்கோமா, ஆக்சிலேட்டர்ல வைச்சிருக்கோமான்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுதுன்னாரா... ம்... ம்... ஆமா, சுகர் இருக்கு, ஆமா. மரத்துப் போகும்னு டாக்டர் சொன்னாரு. மரத்துப் போச்சுன்னு இவர் சொல்லல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

ஐயோ, அந்த கேட்டு.

...இல்ல, உங்களுக்குத் தெரியாது. இன்ஜின் வேலை முடிஞ்ச அன்னைக்கு அவரத்தான் மொதல்ல ஓட்டச் சொன்னேன், வாசல் வரைக்கும். கேட்டுல கொண்டு போய் மோதிட்டாரு. இறங்கி உள்ள போயிட்டாரு. நான் யார திட்டினேன் தெரியுமா? பிரேக்க. பிரேக்கு சரியில்லன்னு மெக்கானிக்க வரவழைச்சுக் காய்ச்சி எடுத்துட்டேன். பாவம், அந்த ஆளு "பிரேக்கு நல்லாத்தான்மா இருக்கு"ன்னு சொல்லிச் சொல்லி மறுபடி எல்லாத்தையும் மாத்திட்டுப் போனாரு. அப்பா அத ஜன்னல்லேர்ந்து பாத்துட்டே இருந்தாரு.

...கோவமா? கோவம்தான், பின்ன. உங்க மேல இல்ல. உங்க மேலயும் கொஞ்சம் இருக்கு. அவர் மேலதான். குஷன் கடைக்காரர்கிட்டச் சொல்லத் தெரியுது, பெத்த பொண்ணுகிட்டச் சொல்லத் தெரியல. நான் "நீங்கதான் ஓட்டணும், நீங்கதான் ஓட்டணும்"னு தினமும் உயிர வாங்கியிருக்கேன். "பாக்கலாம், பாக்கலாம்"னே சொல்லிட்டு இருந்திருக்காரு. நான் அத சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

...அழல. மூக்கடைப்பு. உங்க பசை நாத்தம்தான்.

...என்னது? உக்காந்து பாக்கவா? சீட்டு வெளிய கிடக்குன்னு சொன்னேன்ல... சரி. சரி, இருங்க, ஸ்பீக்கர்ல போட்டு இங்க வைக்கிறேன்.

...ம்ம்ப்... கனம்... யப்பா... கேக்குதா? வைச்சிட்டேன். முன் ஓட்டைக்கு மேல அப்படியே உக்காந்துடுச்சு. போல்ட் போடல. ஏறுறேன்.

...

கட்டை முழங்கைக்குக் கீழ வந்துடுச்சு.

...ஆமா. கைய வைச்சது தெரியாம வைச்சிட்டேன். குதிகாலும் ரப்பர் மேலதான் இருக்கு... இருங்க, இடது கால அமுக்குறேன்.

...எட்டுது மாஸ்டர்.

கடைசி வரைக்கும் போகுது. கிளட்ச் எட்டுது.

...ம்... ம், கேக்குறேன், சொல்லுங்க... கைப்பிடியா? ஆமா, அந்தப் பக்கக் கதவுக்கு மேல... ஓ. ஏறி இறங்கவா. அவரேவா கேட்டாரு? "தோல் சுத்திக் குடு, என் பொண்ணு இரும்பப் பாத்தா திட்டுவா"ன்னாரா. அவளுக்குத் தோலப் பாத்தாலும் திட்டத் தெரியும்னு நீங்க சொல்லியிருக்கலாம்.

...இருங்க. படியில சத்தம் கேக்குது. ம், அப்பா கம்பு சத்தம். வர்றாரு. மாஸ்டர், இங்க பாருங்க, நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல. சத்தியம் சத்தியமாவே இருக்கட்டும். சரியா?... வைக்காதீங்க, ஸ்பீக்கர அணைச்சுட்டேன், அப்படியே இருங்க.

...ஒண்ணுமில்லப்பா. மாஸ்டர்தான். கார்பெட் எப்படி வந்திருக்குன்னு கேக்குறாரு... நல்லா வந்திருக்குன்னு சொல்லிட்டேன்... ஆமாப்பா, உக்காந்துதான் பாக்குறேன்... ஸ்பிரிங்கா? ஸ்பிரிங் நல்லா அமுங்குது.

...மெதுவா. அந்தத் தண்ணி வாளி இருக்கு, பாத்து வாங்க. எங்கப்பா போறீங்க... அங்க சீட்டு இன்னும் வைக்கலப்பா. கொஞ்சம் நில்லுங்க, நான் வந்து...

மாஸ்டர். நேரா அந்தப் பக்கம் போயிட்டாரு. இந்தக் கதவ திரும்பிக்கூடப் பாக்கல. உங்க கைப்பிடியப் பிடிச்சு இழுத்துப் பாக்குறாரு. ரெண்டு கையாலயும் தொங்கிப் பாக்குறாரு... ஆடல. ஆடவே இல்ல, கெட்டியா இருக்கு.

...ஆங், மாஸ்டர், ஒண்ணு மறந்துட்டேன். பின் கதவு டோர் பேடுல கீழ ஒரு சுருக்கம் இருக்கு. அத யாரும் கயிறு குடுத்துச் செய்யச் சொல்லல. அது சுத்தமா உங்க தப்பு. பிரிச்சு ஒட்டித்தான் ஆகணும்... நாளைக்கா? நாளைக்கு வராதீங்க, நாங்க வீட்டுல இருக்க மாட்டோம். அத்தை வீட்டுக்குப் போறோம்...

...ம். நான்தான் ஓட்டுறேன்.

வைக்கிறேன் மாஸ்டர். சீட்டு மாட்டணும், அப்பா நின்னுட்டே இருக்காரு.