செம்மண்மேட்டுச் சரிவை மெல்ல அகற்றிய மேற்பார்வையாளர் சின்னையா அவர்கட்கு

கிள்ளான் ஆற்றுக்கரை மராமத்து அலுவலகத்தில் முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் மேற்பார்வையாளர் உயர்திரு சின்னையா அவர்கள் திருமுன், உடனுழைத்த தோழர்கள் நிறைந்த நெஞ்சோடும் நிலைகொள்ளா மனத்தோடும் படித்தளிக்கும் மடல்.

கரைகாத்த காவலரே! கடமையிற் கனிவு கலந்த பெருந்தகையீர்!

பணிநிறைவு மடல் எழுதுவோர், நெடுங்காலம் உழைத்தார், நேயமிக்கவர், நேரந்தவறாதவர் என மூன்றையும் வரிசையாக எழுதிவிடுவது வழக்கம். முதலிரண்டையும் நாங்கள் மகிழ்வோடு எழுதுகின்றோம். மூன்றாவதை எழுத மறுக்கின்றோம். தாங்கள் ஒருமுறை நேரம் தவறினீர்கள். அறியாமல் அன்று, அறிந்தே தவறினீர்கள். அந்தத் தவற்றுக்காகவே இம்மடல் எழுதப்பெறுகின்றது.

சென்ற திங்கள் நம் அலுவலகத்துக்குப் புதிதாய் வந்த மேலதிகாரி, அனைவரும் நிற்கத் தங்களை அழைத்து, செம்மண்மேட்டு மண்சரிவு அளவுக்கு மீறித் தாமதமாக அகற்றப்பட்டது என்றும், அது சோம்பலேயன்றி வேறன்று என்றும் கூறினார். தாங்கள் தலையை நிமிர்த்தியபடியே, தாமதந்தான் ஐயா என்று மட்டும் சொல்லி நின்றீர்கள். அன்று முதல் எங்கட்கு உணவு செல்லவில்லை. ‘அகற்றப்பட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது, அகற்றியவர் யார், யார் பொருட்டு அகற்றினார், யாருக்கு அஞ்சி அகற்றினார் என்பவை யாவும் அச்சொல்லின் பின்னே ஒளிந்துகொள்கின்றன. எழுவாயை விட்டுவிட்டு வினையை மட்டும் சபையில் நிறுத்துவது முறையன்று. ஆதலின் எழுவாயோடு எழுதுகின்றோம்.

சுபானு ஆண்டு ஐப்பசி மழையை இவ்வவையில் மறந்தார் எவருமிலர். ஜப்பானியர் ஆட்சியின் நடுக்காலம் அது. ஆறு வளையும் இடத்தில் கரை உடைந்து, வேலையாட்கள் குடியிருக்கும் கீழ்லயத்து வரிசை வீடுகளுள் நீர் புகுந்தது. அதே காலையில் கோலாலம்பூர்ச் சாலையின்மேல் செம்மண்மேடு பாதிமலையாய்ச் சரிந்து விழுந்து, போக்குவரத்தை அடியோடு நிறுத்தியது. லயத்து மக்களை மீட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்குமாறு அரசாங்கம் ஆணையிட்டு, கரிப்புகையில் ஓடும் லோரி ஒன்றையும் அளித்தது. மீட்கும் பொறுப்பு தங்கள் தோளில் விழுந்தது.

லோரி வந்தது, மக்கள் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை இன்று புதிதாய் வந்து நம்மை அளப்போர் அறியார். அத்திங்களில் லயங்களுக்குள் லோரி வருவதென்றால் ஒரே பொருள்தான். அரிசி தருவதாகவும், இலவசப் படக்காட்சி என்றும் அழைத்து, ஏறியவரைச் சயாம் இரயில் பாதைக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோன லோரிகளை அவர்கள் கண்டிருந்தனர். இது அறியாமல் நம் அலுவலகத்தார் ஒருவர், மக்களைக் கூட்டத் தப்புப் பறை அடிக்கச் சொன்னார். ஆள் திரட்டவும் அதே தப்புத்தான் அடிக்கப்பட்டிருந்தது. அவ்வொலி கேட்டதும், வாயிலில் நின்றிருந்த சிலரும் கழுத்தளவு நீரில் இரப்பர்க் காட்டை நோக்கி நடந்துவிட்டனர். மற்றவர்கள் கூரையின் கீழ்ச் சட்டங்களில் ஏறி ஒண்டிக்கொண்டனர். காப்பாற்ற வந்த ஓசையே அவர்களை வெள்ளத்துக்குள் துரத்தியது.

நம் கரைவேலைக் கூட்டத்து இருளப்பனின் மனைவி மாரியாயி, இடுப்பில் குழந்தையோடு கூரைச் சட்டத்தில் இருந்துகொண்டு தங்களிடம் சொன்னதை நாங்கள் அனைவரும் கேட்டோம்.

“தண்ணியில செத்தா பொணமாச்சும் இங்க கெடக்கும்யா. சயாமுக்குப் போனா அதுவும் இல்ல. நீங்க போங்க.”

தாங்கள் வாதாடவில்லை, அதட்டவும் இல்லை. லோரியைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். எங்களைக் கைவிட்டார் என்றே அப்போது நினைத்தவரும் எங்களுள் உண்டு. மீண்டும் லோரி வந்தபோது, அதன் திறந்த பலகைமேல் தங்கள் துணைவியார் சீதாலெட்சுமி அம்மையார் ஓர் அடுப்பையும் ஒரு சட்டியையும் அருகில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி அமர்ந்திருந்தார். அம்மையார் மேலே பார்த்துச் சொன்னார்:

“மாரியாயி, எனக்கு ஒத்தையில உக்கார வெக்கமா இருக்குடி. எறங்கி வந்து பக்கத்துல உக்காரு.”

அதன்பின் தாங்கள் நீரில் நின்றவாறே, எல்லா வீடுகளுக்கும் கேட்கும்படி வாக்களித்தீர்கள். “இந்த லோரி ஸ்கூலு வரைக்கும்தான் போவும். ஏறுற ஆளு அத்தனை பேரையும் நானே திருப்பி இந்த லயத்துல கொண்டாந்து விடுவேன்.”

மாரியாயி இறங்கினார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் இறங்கினர். ஒவ்வொரு நடைக்கும் அம்மையார் லோரியிலேயே போய் லோரியிலேயே திரும்பினார். அவர் முகம் பலகையில் தெரியாவிட்டால் ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. கடைசி நடை முடிந்தபோது அவருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டிருந்தது. மீட்புப்பணி இனிதே நிறைவேறிற்று என அரசாங்கத்துக்குச் சென்ற செய்தியில் அவர் பெயர் இடம்பெறவில்லை. இங்கே எழுதுகின்றோம்.

பள்ளிக்கூடத்தில் அடைக்கலம் புகுந்தோர்க்கு உணவு சமைத்த பெருமகனார் சனாவுல்லா அவர்களையும் இவ்விடத்து நினையாதிருத்தல் நன்றியின்மையாகும். கடைத்தெருவில் அவர் நடத்திய சாப்பாட்டுக்கடையில் அப்போது அரிசி என்பதே இல்லை. மரவள்ளிக்கிழங்கு ஒன்றையே வேளைதோறும் அவித்துக் கொணர்ந்து, காலையில் இட்டிலி என்றும், நண்பகலில் பிரியாணி என்றும் பெயர் சொல்லிப் பரிமாறுவார். இரவுக்கு என்ன பாய் என்று தாங்கள் கேட்டபோது, “ராத்திரிக்கு வெரதம் அண்ணே, கெழங்கு தீந்துபோச்சு” என்றார். அன்று பள்ளிக்கூடம் சிரித்த சிரிப்பு இப்போதும் எங்கள் காதில் இருக்கின்றது. அதுவே அங்கு நாங்கள் கேட்ட கடைசிச் சிரிப்பும் ஆகும்.

ஏனெனில் மறுநாளே ஆணை வந்தது. சாலை திறந்ததும், பள்ளியில் தங்கியுள்ள உடல்வலிமை மிக்க ஆடவரைக் கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார் இராணுவ அதிகாரி. சிதறிக் கிடந்தவர்களைத் தேடிப் பிடிக்கும் தொல்லையை நம் மீட்புப்பணி அவர்கட்கு மிச்சப்படுத்திவிட்டது. தாங்கள் ஏற்றிக்கொணர்ந்த மக்களே இப்போது ஓரிடத்தில் திரண்டு, எடுத்துச் செல்வதற்கு எளிதாய் இருந்தனர். தங்கள் வாக்கு, தங்கள் கையாலேயே அவர்களைக் கட்டிய கயிறாயிற்று.

அறிவிற் சிறந்தவரே! அப்போது அவர்களுக்கும் சயாமுக்கும் நடுவே நின்றது ஒன்றே ஒன்று. அது செம்மண்மேட்டிலிருந்து சரிந்த மண்.

சரிவை அகற்றும் முறையைத் தாங்களே எங்கட்குக் கற்பித்திருந்தீர்கள். முதலில் உச்சியில் வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கத்தே திருப்பிவிட வேண்டும். பின்னர் மேலிருந்து கீழாக மண்ணை எடுத்துவர வேண்டும். அடியைத் தொடலாகாது, தொட்டால் மேலுள்ளது இறங்கும். இதை மறந்து வெட்டிய எத்தனையோ பேரைத் தாங்கள் கடிந்துள்ளீர்கள். அத்தகைய தாங்கள், பள்ளியிலிருந்த ஆடவர் அனைவரையும் சாலைவேலைக்கு இன்றியமையாதவர் என்று கூறி அழைத்துச் சென்று, அடியில் வெட்டச் சொன்னீர்கள். வாய்க்கால் வெட்டவே விடவில்லை. பகல் முழுதும் வெட்டிய இடத்தை விட்டு ஆட்களை மாலையில் தொலைவுக்கு அழைத்துவந்துவிடுவீர்கள். விடிந்து பார்த்தால் புதுமண் சாலையை மூடிக் கிடக்கும். எங்களுள் ஒருவர் பொறுக்கமாட்டாமல், இப்படி வெட்டினால் திரும்பத் திரும்பச் சரியுமே என்று கேட்டார். “சரியட்டும்லா,” என்றீர்கள். “மழை நம்ம பக்கம் இருக்கு.”

அன்றுதான் எங்கட்கு விளங்கிற்று. அன்றுமுதல் நாங்களும் சோம்பேறிகள் ஆனோம், முழுமனத்தோடு ஆனோம்.

அதிகாரி வந்து பார்ப்பார், கன்னத்தில் அறைவார், தாங்கள் குனிந்து வணங்கி, மழை நிற்கவில்லை என்பீர்கள். அவ்வடிகளை வாங்கியவர் ஒரு திங்கள் ஊதியத்துக்காக வாங்கவில்லை. அவ்வடிகளின் பெயர்தான் இன்று சோம்பல் என மாற்றப்பட்டிருக்கின்றது.

இனி எழுத வேண்டுவதை எழுத எங்கள் கை தயங்குகின்றது. ஆயினும் நல்லவற்றை மட்டும் தொகுத்துத் தந்தால், அதுவும் எழுவாயை மறைத்த குற்றமே ஆகும்.

தாங்கள் ஆற்றுக்கரை உடைப்பில் பாக்காவ் மரக்கழிகளை நடுவித்துக்கொண்டிருந்த ஒருநாள், சரிவின் மறுபுறத்தில், கோலாலம்பூர்ப் பக்கமிருந்து ஒரு லோரி வந்து நின்றது. சாலை திறக்கும்வரை காத்திருக்க அவர்கட்குப் பொறுமை இல்லை. வீரர்கள் மண்மேட்டை நடந்தே கடந்து வந்து, அங்கு வேலையிலிருந்தோருள் கைக்கெட்டிய சிலரை இழுத்துச் சென்றனர். அவருள் இருளப்பனும் ஒருவர். செய்தி எட்டியதும், காற்றுக்குழாய்க்குப் பதிலாகக் கயிறு திணித்த சக்கரங்களோடு ஓடும் மிதிவண்டியில் தாங்கள் புறப்பட்டீர்கள். மேட்டின்மேல் அதைத் தூக்கிச் சென்று, மழையில் கோலாலம்பூர் நிலையத்தை அடைந்தீர்கள். இரயில் வண்டி இன்னும் புறப்படவில்லை. இவர்கள் என் வேலையாட்கள் என்று கத்தினீர்கள். துப்பாக்கிக் கட்டை தங்கள் இடக்காதில் விழுந்தது. எழுந்து பார்த்தபோது தண்டவாளம் வெறுமையாய்க் கிடந்தது. அன்றுமுதல் அக்காது கேட்பதில்லை. இதனாலேயே இம்மடலைத் தங்கள் வலப்பக்கத்தே நின்று படிக்கின்றோம்.

எஞ்சிய ஆடவர் ஒருவரையும் அவர்களால் கொண்டுபோக முடியவில்லை. ஆணையிட்ட அதிகாரி மாற்றலாகிப் போகும்வரை செம்மண்மேடு சரிந்துகொண்டே இருந்தது. அவரும் அவர் ஆணையும் போனதும் தாங்கள் உச்சிக்கு ஏறி, முறைப்படி வாய்க்கால் வெட்டினீர்கள். சாலை விரைவில் திறந்தது. பிறகு கரையைக் கட்டினீர்கள். கரைக்குச் சாக்குகள் தேவைப்பட்டன. துணி கிடைக்காத அந்நாளில் ஊரிலிருந்த சாக்குகள் மக்களின் உடம்பில் ஆடையாய் இருந்தன. வீடுவீடாகப் பறித்துவரச் சொன்ன ஆணையைக் காதில் வாங்காமல், தென்னையோலைக் கூடைகளைப் பின்னுவித்து, அவற்றில் களிமண் இட்டு அடுக்கினீர்கள். ஆடை களையப்படாமல் கட்டப்பட்ட கரை அது. இவ்வாண்டுப் பெருமழையிலும் அது நிற்கின்றது. லயத்து வீடுகளைச் செப்பனிட்டபின், குடும்பங்களை அதே லோரியில், அதே அம்மையாரை முன்னே அமர்த்தி, வாக்களித்தபடி கொண்டுவந்து விட்டீர்கள்.

ஆனால் எல்லாரையும் கொண்டுவந்து விடவில்லை. அதுதான் தங்களை உறங்கவிடாதது என்பதை நாங்கள் அறிவோம். மேலதிகாரி சோம்பல் என்றபோது தாங்கள் விளக்கம் சொல்லாததற்கும் அதுவே காரணம். கொண்டுவந்து சேர்க்காத சிலர் இருக்கையில், காத்த பலரைக் காட்டிப் புகழ் பெறத் தங்கள் உள்ளம் ஒப்பவில்லை.

போர் முடிந்தபின், சில திங்களாகச் சயாமிலிருந்து நம்மவர் வண்டிவண்டியாகத் திரும்புகின்றனர். கோலாலம்பூர் நிலையத்தை அடுத்த பிரிக்பீல்ட்ஸில் இப்போதுள்ள தங்கள் இல்லத்திலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் தாங்கள் நிலையத்துக்கு நடந்து செல்வதையும், எலும்பும் தோலுமாய் இறங்குவோர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதையும், மாரியாயி தம் பிள்ளையோடு தங்கள் அருகில் நிற்பதையும் ஊரே காண்கின்றது. உம் கணவர் திரும்பாததற்கு ஐயாவைக் குறை சொல்வீரோ என்று எங்களுள் ஒருவர் அவரிடம் கேட்டார். அவர் விடையை அப்படியே தருகின்றோம்.

“அவரு சொன்ன சொல்லு தப்பல, லோரிதான் வேற லோரி. ஆனா ஐயா டேசனுக்கு வரத நிறுத்தக்கூடாது. எம் மவனுக்கு அப்பன் மொகம் நெனப்புல இல்ல, எனக்குக் கண்ணத் தண்ணி மறைக்குது. ஐயாதான் அடையாளம் காட்டணும்.”

ஐயனே! பணிநிறைவு பெறுவோர்க்கு ஓய்வும் அமைதியும் வேண்டுவது மரபு. தங்கட்கு நாங்கள் அவற்றை வேண்டவில்லை; வேண்டினாலும் தாங்கள் ஏற்கமாட்டீர்கள். நடக்கும் வலிமையுடைய கால்களையும், கூட்டத்துள் ஒரு முகத்தைத் தெரிந்தெடுக்கும் கண்களையும், எஞ்சிய ஒரு காதின் கூர்மையையும் தங்கட்கு வேண்டுகின்றோம். கடைசி வண்டி வந்து கடைசி ஆள் இறங்கும்வரை தாங்கள் வாழ்க! தங்களோடு சீதாலெட்சுமி அம்மையாரும் நலம் பெற்று வாழ்க! நிலையத்துக்குத் தாங்கள் இனித் தனியே செல்ல வேண்டா. வண்டிதோறும் எங்களுள் இருவர் தங்களுடன் வருவதென முடிவு செய்துள்ளோம். எவர் ஒப்புதலையும் இதற்கு நாங்கள் கேட்கவில்லை.

மாலை போட்டபோதும், வாழ்த்துரைகள் நிகழ்ந்தபோதும் தாங்கள் வாயிலையே பார்த்திருந்ததைக் கண்டோம். இன்று மாலையும் ஒரு வண்டி உண்டு. ஆதலின் இத்துடன் நிறுத்துகின்றோம்.

இம்மடலின் அடியில் நாங்கள் அனைவரும் கையொப்பமிட்டுள்ளோம். கரைவேலைக் கூட்டத்தார் தங்கள் பெயர்களுக்கு எதிரே பெருவிரல் பதித்துள்ளனர். நடுவே சில பெயர்களை மட்டும் எழுதி, அவற்றின் எதிரே இடத்தை வெறுமையாய் விட்டிருக்கின்றோம். இருளப்பன் பெயர் முதலில் உள்ளது. அவ்விடங்கள் நிறையும்வரை இதற்குக் கண்ணாடிச் சட்டமிட வேண்டா.

மேட்டுப் பள்ளிக்கூடம், கிள்ளான்,
பார்த்திப ஆண்டு, கார்த்திகைத் திங்கள்.

தங்களோடு தாமதித்தமைக்காகப் பெருமைகொள்ளும்,
கரை மராமத்து அலுவலகத்தாரும் கரைவேலைக் கூட்டத்தாரும்