கதவைத் திறந்தால் இறங்கும் படி

வண்டியில் ஏற வைக்கிற மடங்கும் படியின் மூட்டுகளில் கிரீஸ் போடக் கூடாது, சார். நிறையப் பேர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். கிரீஸில் மண் ஒட்டும், ஒட்டிய மண் அரைத்து அரைத்து மூட்டைத் தின்றுவிடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும். வாராவாரம் நான்தான் செய்வேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். படி பழுதாகித்தான் தன் தம்பி விழுந்தான் என்று என் நாத்தனார் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். அதில் பழுது எதுவும் இல்லை.

என் கணவர் குட்டையானவர். அது குற்றமில்லை. ஆனால் அவர் இருப்பதிலேயே உயரமான பிக்கப் வண்டியாகப் பார்த்து வாங்கினார். வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் ஒரு சாண் தூக்கினார். அப்புறம்தான் ஏறிப் பார்த்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் தரையில் என்று அவர் தத்திக்கொண்டு நின்றதை எங்கள் மரக்கடை ஆட்கள் எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கே ‘ஏணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசிவரை அது அவர் காதுக்குப் போகவில்லை. முதலாளி காதுக்கு எதுதான் போகிறது? முதலாளி என்றால், கடை என் அப்பா எனக்கு விட்டுப்போனது. அவர் அதில் வந்து உட்கார்ந்தவர்.

படி பார்க்கப் போனது நான். உருண்டைக் குழாயில் வருகிற நிலையான படியே போதும், மலிவு, அசையாது என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“அது எப்பவும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். நான் படி வச்சு ஏறுறேன்னு நாலு பேருக்குத் தெரியணுமா?”

ஆகவே மடங்குகிற படி. அதிலும் மட்டமானது இருக்கிறது, சார். மோட்டாருக்குள் தண்ணீர் போய்விடும், படியைத் தாங்குகிற கை ஆடும். இரண்டு பேர் ஒன்றாக ஏறி நின்றாலும் வளையாத அலுமினியப் படியாக, மோட்டார் இறுக்கமாக மூடியதாகத் தேடி எடுத்தேன். பொருத்திய பையன் பெருமையாகச் சொன்னான்:

“கதவத் திறந்தா தானா இறங்கும், மூடுனா தானா உள்ள போயிடும்க்கா. அண்ணன் கீழ பாத்துக் கால் வைக்கவே வேணாம்.”

கழுவும்போது மடங்கினால் விரல் நசுங்கும் என்று அதற்கு ஒரு சுவிட்ச் உண்டு; அணைத்தால் படி இருந்த இடத்திலேயே நின்றுவிடும். கழுவுவது நான் என்பதால், அதை என் இருக்கைப் பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில் வைக்கச் சொன்னேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் இறங்குகிற அழகைப் பார்க்க வேண்டும். ஒரு காதில் போன், மோவாய் மேலே, கால் மட்டும் தானாகக் கீழே வரும். யாருமே இல்லாத இடத்திலும் அப்படித்தான். வாடிக்கையாளர்கள் வந்தால் என்னைக் காட்டி, “இது நம்ம வண்டி கிளீனர்” என்பார். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கையில் ஈரத்துணியோடு நிற்கிறவள் வேறென்ன செய்வாள்?

ஒரு நாள் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். கோபமெல்லாம் இல்லை. கீழே பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரு ஆசை. பார்க்கவில்லை. வெறுங்காற்றில் கால் வைத்து, கதவைப் பிடித்துத் தொங்கி, ஒரு செருப்பு கழன்று விழ நின்றார். ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்து, எல்லார் முன்னாலும் என் பின்னந்தலையில் தட்டினார். விளையாட்டாகத் தட்டுகிற மாதிரிதான்.

“ஒரு படியப் பாத்துக்கத் துப்பில்ல. உனக்கெல்லாம் எதுக்குடி கடை?”

பையன் வந்து சோதித்தான். “புதுசு மாதிரி வச்சிருக்கீங்கக்கா” என்றான். அவ்வளவுதான், என் கணவர் மறுபடி மோவாயைத் தூக்கிவிட்டார். பட்டும் புத்தி வராத மனிதரை என்ன செய்வது?

அவர் விழுந்த அன்று கடைக்கு விடுமுறை. வீட்டு அலமாரிக்குப் பலகை எடுக்க வேண்டும் என்று கூட்டிப்போனேன். கடை முற்றத்தில் மரம் இறக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் மேடை உண்டு. விளிம்பு உடையாமலிருக்க இரும்புப் பட்டை அடித்திருக்கிறோம். வழக்கமாக வண்டி அங்கே நிற்காது.

“மேடைப் பக்கமா நிறுத்துங்க, எனக்குப் பலகை தூக்க சுலபமா இருக்கும்” என்றேன். தன் பக்கத்துக் கதவு திறக்கிற அளவுக்கு இடம் விட்டு, அழகாக ஒட்டி நிறுத்தினார். ஓட்டத் தெரிந்தவர்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எஞ்சினை நிறுத்துவதற்குள் நான் சுவிட்சை அணைத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

நான் சுவிட்சைப் போட்டேன். படி தானாக இறங்கியது, ஒரு முனகல்கூட இல்லாமல். சுற்றிப் போய்ப் பார்த்தேன். மேடைக்கும் வண்டிக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. காதுக்குப் பின்னால் ரத்தம்.

“தூக்குடி” என்றார்.

படி மூட்டில் மண் கொஞ்சம் இருந்தது. துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை, சார். கீழே பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான். அந்த நேரத்திலும் அதிகாரம் பண்ணினால் எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? கொஞ்சம் தன்மையாக, “தூக்கிவிடும்மா” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஓடிப்போய்த் தூக்கியிருப்பேன்.

கேட்டார். அப்படியும் கேட்டார்.