ஓடைக்கு அந்தப் பக்கம் உறுமின புலி

நிதியா: எந்திரிங்க அத்தான்! தூளில காலை நீட்டிக்கிட்டு வெல்லத் தண்ணி குடிக்கிற நேரமா இது?

தெல்ஃபின்: வந்ததும் வராததுமா என்ன கொழுந்தியா கத்தல்? உன் அக்கா கோழிக்கூட்டுல இருக்கா. அங்க போய்க் கத்து, கோழியாவது பயந்து முட்டை போடும்.

நிதியா: அக்காகிட்ட எனக்கு வேலையில்ல. உங்ககிட்டத்தான். மேட்டுப் பண்ணைலேர்ந்து நேரா வரேன். பண்ணைக்காரர் அபுந்தியோ மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆறு வேட்டை நாயைக் காட்டுக்குள்ள விடப் போறாராம்.

தெல்ஃபின்: ஆறா?

நிதியா: ஆறு! மச்சான் ஊர்லேர்ந்து வண்டி வச்சுக் கொண்டாந்திருக்காரு. முற்றத்துல கட்டிப் போட்டிருக்காரு. ஒவ்வொண்ணும் கழுதை கணக்கா... எதுக்குன்னு கேளுங்களேன்.

தெல்ஃபின்: எதுக்கு?

நிதியா: புலியைத் துரத்த! குரங்கோடைப் பாதைல வந்திருக்கே ஒரு புள்ளிப் புலி, அதை! அது கன்னுக்குட்டி தின்னுச்சுன்னு அவர்கிட்ட யாரு போய்ச் சொன்னது?

தெல்ஃபின்: தின்னுச்சுன்னு நான் சொல்லல. தின்னிருக்கலாம்னு சொன்னேன்.

நிதியா: எத்தனை?

தெல்ஃபின்: ஒண்ணு... அவரு மூஞ்சில ஒரு சுரத்தும் இல்ல. சரி, ரெண்டுன்னேன்.

நிதியா: மூணுன்னு சொல்றாரு!

தெல்ஃபின்: மூணாவதை அவரே சேத்துக்கிட்டாரு. அதுக்கும் நானா பொறுப்பு?

நிதியா: வாலு நீளம் ரெண்டு தோணின்னு யாரு சொன்னது? கண்ணு ஒவ்வொண்ணும் ஆரஞ்சுப் பழம்னு? அது மூச்சு விட்டா எதிர்க்கரை இலை ஆடுதுன்னு?

தெல்ஃபின்: கடைல பத்துப் பேர் சுத்தி நின்னு வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டா, சின்னப் புலியாவா சொல்ல முடியும்? எனக்கும் ஒரு மரியாதை இருக்குல்ல.

நிதியா: உங்க மரியாதைக்கு ஆறு நாய் வருது. போய் வனத்துறை ஆளுங்ககிட்ட சொல்லித் தொலைக்கலாம்னா, வனக்காவலர் சாயங்காலப் படகுலதான் வருவாரு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்.

தெல்ஃபின்: நாய்க்குப் புலி அம்புடாது கொழுந்தியா. புலியாவது, நாய்க்காவது...

நிதியா: அதைத்தான் நானும் சொல்றேன்! புலி அம்புடாது. அப்ப ஆறு நாயும் வெறுங்கையோட வீட்டுக்கு வருமா? ஓடையோரத்துல யாரு படுத்திருக்கா?

தெல்ஃபின்: ஐயையோ, தாந்தா!

நிதியா: இப்பத்தான் ஒறைக்குதா? தாந்தா படுத்திருக்கு. பன்னி மாதிரி உடம்பும் குட்டித் தும்பிக்கையுமா, ஒரு பொல்லாப்பும் தெரியாத மிருகம். பக்கத்துல அதோட குட்டி. பொறந்து பன்னெண்டு நாளு. உடம்பெல்லாம் தர்பூசணி மாதிரி வரி வரியா... அது ஓடுமா? ஓடத் தெரியுமா அதுக்கு?

தெல்ஃபின்: தெரியும்டி! அந்தக் குட்டியைப் பத்தி எனக்கு நீ சொல்லாத! இந்த ஊர்லயே மொதல்ல அதைப் பாத்தவன் நான். மொதல்ல உன்கிட்ட வந்து கெஞ்சினவனும் நான். போன திங்கக்கிழமை. ஞாபகம் இருக்கா?

நிதியா: இருக்கு.

தெல்ஃபின்: என்ன சொன்ன?

நிதியா: இப்ப எதுக்கு அது...

தெல்ஃபின்: சொல்லு! வழிகாட்டிகள் சங்கத் தலைவியம்மா என்ன சொன்னாங்க?

நிதியா: கயிறு கட்டியிருக்கோம், பதினஞ்சு மீட்டர் தள்ளி. யாரும் கயிறைத் தாண்டல, யாரும் சத்தம் போடல, எல்லாம் விதிப்படி நடக்குதுன்னு சொன்னேன்.

தெல்ஃபின்: விதிப்படி! கயிறைச் சுத்தி நாப்பது பேரு. நாப்பதும் வாயில விரல் வச்சுக்கிட்டு, பூனை நடை நடந்து, கேமராவைத் தூக்கிக்கிட்டு. ஒரு கூட்டம் போனா அடுத்த கூட்டம். விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயறவரைக்கும். கயிறு எங்க கெடந்தது? தாந்தாவுக்கும் தண்ணிக்கும் நடுவுல! அது நாள் பூரா தண்ணிக்கு எறங்கல நிதியா. நாக்கைச் சுழட்டிக்கிட்டு நின்னுச்சு. தாய் நின்னுக்கிட்டே இருந்தா குட்டி எப்படிப் பால் குடிக்கும்? நாப்பது பேர் மரியாதையா சுத்தி நின்னா அதுக்குப் பேரு மரியாதையா?

நிதியா: கத்தாதீங்க.

தெல்ஃபின்: நீதானே கத்திக்கிட்டு வந்த!

நிதியா: சரி... திங்கக்கிழமை நான் கேக்கல. தப்புத்தான். ஆனா செவ்வாக்கிழமையே பாதையை மூடிட்டேன்ல?

தெல்ஃபின்: தாந்தாவுக்காகவா மூடின? புலிக்காக மூடின.

நிதியா: விதி அதுதானே! புலி மாதிரி பெரிய பூனை சத்தம் கேட்டா பாதையை மூடணும். மூணு நாள் சத்தமில்லன்னாத்தான் தொறக்கணும். செவ்வாக்கிழமை விடியக்காலைல என் காதால கேட்டேன். ரம்பம் அறுக்கற மாதிரி. என் உடம்பு சிலிர்த்துப் போச்சு... விடுங்க. இப்ப கதை வேற. நீங்க அபுந்தியோ வீட்டுக்குப் போறீங்க. புலியை நான் பாக்கவேயில்ல, கன்னுக்குட்டி கதை பொய்யின்னு சொல்றீங்க.

தெல்ஃபின்: நான் போக மாட்டேன்.

நிதியா: அத்தான்!

தெல்ஃபின்: நீ தலைவி. நீ போய் நாயை நிறுத்து.

நிதியா: போனேன்! ‘தெல்ஃபின் கண்ணால பாத்திருக்காரு, நீ பாத்தியா?’ன்னு கேக்கறாரு. முப்பத்தோரு வருஷமா இந்தக் காட்டுல நடக்கற நீ பாத்ததில்லையேன்னு என்னைப் பாத்துச் சிரிக்கறாரு. நீங்க நெஜமாவே பாத்தீங்களா?

தெல்ஃபின்: பாக்கறதுன்னா எப்படி...

நிதியா: கண்ணால!

தெல்ஃபின்: கண்ணால பாக்கல.

நிதியா: அடப் பாவி மனுஷா! அப்ப அந்தக் காலடித் தடம்? சேத்துல அவ்வளவு தெளிவா இருந்ததே. நான் அளவெடுத்து, படம் எடுத்து, தலைநகர்ல ஒரு ஆராய்ச்சிக்காரம்மாவுக்கு அனுப்பினேனே!

தெல்ஃபின்: அனுப்பிட்டியா? என்ன சொன்னாங்க?

நிதியா: நல்லா வளர்ந்த ஆணுன்னு சொன்னாங்க.

தெல்ஃபின்: நெஜமாவா? நல்லா வளர்ந்த ஆணுன்னேவா? எங்க, காட்டு... படிச்சுக் காட்டு...

நிதியா: ஏன் இப்படி இளிக்கிறீங்க?

தெல்ஃபின்: ஒண்ணுமில்ல. அறுபத்தொம்பது வயசுல இதெல்லாம் காதுல விழறது அபூர்வம்.

நிதியா: அத்தான்... அந்தத் தடம் எதோடது?

தெல்ஃபின்: உள்ளங்கை ஒரு அழுத்து. நாலு விரல் முட்டி நாலு அழுத்து. கொஞ்சம் சாய்ச்சு அழுத்தினா கனமான பிராணின்னு தெரியும்.

நிதியா: என் தலையெழுத்து! நாலு கால்ல சேத்துல ஊர்ந்தீங்களா?

தெல்ஃபின்: இருபது எட்டு எடுத்து வச்சேன். முதுகு இன்னும் புடிச்சுக்கிட்டிருக்கு. அதான் தூளில கெடக்கறேன். நீ என்னமோ சொகுசுன்னு நெனச்ச.

நிதியா: சத்தம்?

தெல்ஃபின்: என்ன சத்தம்?

நிதியா: செவ்வாக்கிழமை கேட்ட சத்தம். அது புலிதானே? அத்தான், என் மூஞ்சியைப் பாருங்க. அதுவாவது புலிதானே?

தெல்ஃபின்: உங்கப்பா வேட்டைக்காரரா இருந்தப்ப சுரைக்குடுக்கைல தோலை இழுத்துக் கட்டி, நடுவுல மெழுகுக் கயிறு கோத்து வச்சிருந்தாருல்ல. கயிறை உருவினா உறுமும். ஆண் புலியை ஏமாத்தி வரவழைக்க...

நிதியா: கடவுளே.

தெல்ஃபின்: மாமனார் செத்தப்ப உன் அக்கா தூக்கிப் போடப் பாத்தா. நான் எடுத்து வச்சேன். செவ்வாக்கிழமை நாலு தடவை உருவினேன், அவ்வளவுதான். எட்டு மணிக்குள்ள நீ பாதையை மூடிட்ட. பத்து மணிக்குத் தாந்தா தண்ணில எறங்கி மூழ்கி மூழ்கிக் குளிச்சுது. குட்டி பால் குடிச்சுது. நான் மரத்துக்குப் பின்னால ரொம்பத் தள்ளி நின்னு பாத்துட்டு வந்துட்டேன். சொல்லு, நான் பண்ணினது தப்பா?

நிதியா: அப்ப அது... நீங்களா?

தெல்ஃபின்: திட்டு. ஏன் திட்ட மாட்டேங்கற? வெளுத்துப் போயிட்ட... வெல்லத் தண்ணி குடிக்கிறியா?

நிதியா: எனக்கு ஒண்ணும் வேண்டாம். புதன்கிழமையும் நீங்கதானா?

தெல்ஃபின்: நானேதான். வியாழன், வெள்ளி, நேத்து சனி, எல்லாம் நான். மூணு நாள் சத்தமில்லன்னா தொறந்துருவியே.

நிதியா: அப்படின்னா எந்திரிங்க. குடுக்கையை எடுத்துக்கிட்டு அபுந்தியோ முன்னாடி உருவிக் காட்டுங்க. நாயை அவுத்து வண்டில ஏத்திருவாரு. தாந்தாவுக்காகப் பாதை மூடியிருக்குன்னு நான் வெளிப்படையா பலகை எழுதறேன். எவன் கேட்டாலும் பதில் சொல்றேன். இதைத் திங்கக்கிழமையே செஞ்சிருக்கணும் நான்.

தெல்ஃபின்: அது முடியாது கொழுந்தியா.

நிதியா: ஏன்? வெக்கமா? லிசிமாக்கோ கூகையை வரவழைக்க போன்ல அது சத்தத்தைப் போட்டதுக்கு நான் ஆறு மாசம் வழிகாட்டி அட்டையைப் புடுங்கினேனே, உங்க கௌரவ அட்டையையும் புடுங்கிருவேன்னு பயமா?

தெல்ஃபின்: அட்டையைக் கொண்டுபோய் அடுப்புல போடு. அது இல்ல. புலி இல்லன்னு நான் சொன்னா அது பொய்.

நிதியா: இப்பத்தானே இல்லன்னீங்க!

தெல்ஃபின்: என் புலி இல்ல. இன்னொண்ணு இருக்கு.

நிதியா: என்ன இன்னொண்ணு?

தெல்ஃபின்: பொண்ணு. புதன்கிழமை நான் உருவி முடிச்சு மூச்சு வாங்கறேன்... ஓடைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வருது. நிதியா, சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொட்டு தண்ணி கலக்கல. மரத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன்.

நிதியா: எதிரொலியா இருக்கும்.

தெல்ஃபின்: எதிரொலி என்னை முந்திக்கிட்டுக் கூப்பிடுமா? வெள்ளிக்கிழமை நான் போறதுக்கு முன்னாடியே அவ கூப்பிட ஆரம்பிச்சுட்டா! எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா!

நிதியா: அவ இவன்னு சொல்லாதீங்க.

தெல்ஃபின்: உனக்கென்ன கோவம்? நாப்பது வருஷம் கேட்ட காது இது. ஒரு சத்தத்துல வயசு சொல்லுவேன். அஞ்சு வயசு. வாலிபப் பொண்ணு. தனியா இருக்கா. குரல்ல ஒரு ஏக்கம். என்மேல ஆசைப்பட்டுட்டா, என்ன பண்றது.

நிதியா: சீ! வாயை மூடுங்க அத்தான்! ஏக்கமாம், ஆசையாம்! அந்த மாதிரி ஒரு சத்தம் அதுல கிடையவே கிடையாது!

தெல்ஃபின்: உனக்கெப்படித் தெரியும்? நீ கேட்டியா?

நிதியா: கேக்கல... கேட்டேன். தூரத்துலேர்ந்து.

தெல்ஃபின்: கேட்டல்ல? அப்ப புரிஞ்சுக்கோ. புலி இல்லன்னு சொல்லி நாயை நிறுத்தினா, நாளைக்கு அபுந்தியோ காதுலயும் அவ குரல் விழும். அப்ப என்னை எவன் நம்புவான்? ஆறு நாய் இல்ல, அறுபது வரும். இருக்குன்னு சொன்னா இன்னிக்கே வரும். எப்படிப் பாத்தாலும் ஒருத்தி சாவா. தாந்தாவா, புலியா? நீயே சொல்லு! நாய்ன்னு நீ சொன்னதுலேர்ந்து அதைத்தான் யோசிக்கறேன். நீ வந்து சொகுசுங்கற!

நிதியா: அந்தப் புலி உறுமாது. இனிமே உறுமாது. நீங்க தைரியமாப் போய்ச் சொல்லலாம்.

தெல்ஃபின்: அதை நீ எப்படிச் சொல்லுவ? உன் கயிறு கட்டி அளந்தியா? எது நான் கண்டுபிடிச்சாலும் உனக்குப் பொறுக்காது! நாலு காலை... நாலு காலை ஒரு காட்டுப் புலி என்கூடப் பேசியிருக்கு. அது இல்லவே இல்லங்கறியா? அப்ப எனக்குப் பதில் சொன்னது யாருடி?

நிதியா: அப்பா செஞ்சது ரெண்டு குடுக்கை, அத்தான். மத்தது என் கட்டிலுக்கு அடில இருந்தது. முப்பத்தோரு வருஷமா ‘கூப்பிடாதே, தீனி போடாதே, பின்னால போகாதே’ன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி ஒரு புலி முகம் பாக்காதவ நான். செவ்வாக்கிழமை அந்தச் சத்தம் கேட்டதும் மனசு கேக்கல. ஒரே ஒரு தடவை பாத்துட்டா போதும்னு, நான் மூடின பாதைல நானே புதன்கிழமை குடுக்கையோட திருட்டுத்தனமா எறங்கினேன்... எந்திரிங்க, மணி பத்தரை ஆகுது. அபுந்தியோ முன்னாடி ஆம்பளப் புலியை நீங்க சொல்லுங்க, பொம்பளப் புலியை நான் சொல்றேன்.