கொலைகாரன் போன வழி

என் மளிகைக் கடை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. சாமான் வாங்காதவர்கள்தான் அதில் அதிக நேரம் உட்காருவார்கள். ரப்பர் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவானந்தத்தைக் கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்தில் யாரோ சுட்டுக் கொன்ற அன்று, பெஞ்சில் இடமே இல்லை. கோலசிலாங்கூர் முழுக்க ஒரே பேச்சு: சுட்டவன் எந்த வழியாகத் தப்பினான்?

"ஆத்துல சம்பான் நின்னிருக்கும். நேரா கடலுக்குப் போயிருப்பான்லா" என்றார் மீன் விற்கும் நல்லசாமி.

"கலங்கரை விளக்கு மலையில ஏறி அந்தப் பக்கம் எறங்கியிருப்பான்" என்றார் தையற்காரர் தங்கராஜு.

"அங்க அத்தனை கொரங்கு இருக்கே, கத்தியிருக்காதா?" என்று கேட்டேன். அதையும் உட்கார்ந்து யோசித்தார்கள், மடையர்கள்.

சுட்டவன் எங்கும் போகவில்லை. பின்கதவால் இந்தக் கடைக்குள்ளேயே வந்து, ஜப்பான்காரன் காலத்துத் துப்பாக்கியை அரிசி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டு, கைகழுவிப் பருப்பு நிறுக்க உட்கார்ந்தான்.

என் தம்பி நஜ்முதீன் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்தான் என்று பொய் சொன்னவன் அந்தக் கிராணி. தம்பியை நாடு கடத்தினார்கள். கப்பலிலேயே காய்ச்சலில் செத்தான். சிவானந்தத்தை நான் வெறுத்தேன். இப்போதும் வெறுக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் அர்ஜுனன் தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு கடையாகப் பின்கட்டுவரை பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நாலைந்து கடைகள்தான் பாக்கி. அப்போதுதான் உடையப்பன் வந்தான். ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவன், தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் குடியிருப்பவன். மனைவி நாகமணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள், அவளுக்குப் பால் சுரக்கவில்லை.

டின்னில் அடைத்த எதையும் ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்பது அவசரகாலச் சட்டம். ஓட்டை போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குப் போய்ச் சேராது. ஓட்டையில்லாத டின்னோடு பிடிபட்டவன் கம்யூனிஸ்டுகளின் ஆள் என்றுதான் கணக்கு.

"ஓட்ட போடாம குடுங்க பாய். லயத்துல எறும்பு மொய்ச்சிருது" என்று உடையப்பன் எப்போதும் கெஞ்சுவான். நான் எப்போதும் மறுப்பேன். அன்று ஆணியைக் கீழே வைத்துவிட்டு, பால் டின்னை அப்படியே கொடுத்தேன்.

"ரோட்டுல சோதன போடுறாங்கப்பா. ரப்பர் மரத்துக்குள்ள புகுந்து போயிரு."

"ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் அர்ஜுனன் என் கடைக்குள் கால் வைத்தார். "எந்த வழியாப் போயிருப்பான் பாய்?"

"எனக்கெப்படித் தெரியும்ங்க. ரப்பர் மரத்துக்குள்ள ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு."

என் பின்கட்டை அவர் பார்க்கவேயில்லை.

அந்தப் பாதையில் பட்டாளத்தார் நிற்கச் சொன்னார்களாம். உடையப்பன் பயத்தில் ஓடியிருக்கிறான். முதுகில் சுட்டார்கள். பையில் டின் இருந்தது. கொலைகாரன் கிடைத்துவிட்டான் என்று வழக்கை மூடினார்கள். அந்த டின்னைப் பற்றி அர்ஜுனன் கேட்டபோது, "ஓட்ட போடாம விக்கிறது சட்டப்படி குத்தம்லா இன்ஸ்பெக்டர்" என்றேன். குற்றம்தானே.

நாகமணியையும் குழந்தையையும் லயத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள், அன்று நான் பேசியதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? சிவானந்தம் செய்ததைப் போல ஒரு அப்பாவியின் மேல் பழி சொல்ல எனக்கு நாக்கு எழாது.