போயிட்டு வாரேன் என்று சொன்னேன்

ஓடுகிறேன். சோளக்காடு. இடுப்பளவுப் பயிர். முந்தின நாள் மழையில் கரிசல் பசையாகக் கிடக்கிறது. ஒவ்வொரு எட்டுக்கும் கால் கனம் கூடுகிறது. வலது செருப்பு மண்ணுக்குள் போய்விட்டது. நின்று எடுக்கவில்லை.

பின்னால் இன்னொரு வெடி. தகரத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். நாட்டு வெடிகுண்டு. அடுத்து கண்ணாடி நொறுங்குகிறது. அப்புறம் கல். நாங்கள் விட்டுவந்த வேனின் கூரையில் விழுந்த கல்லை எண்ணினேன். பதினொன்று வரை எண்ணினேன். உயிர் போகிற நேரத்தில் எதற்கு எண்ணினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"ஏலே, குனி! தலையக் காட்டாத!"

கத்தியது டிரைவர் மாடசாமி அண்ணாச்சி. எனக்கு முன்னால் ஓடுகிறார். இடது காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார். விரல் இடுக்கில் ரத்தம்.

வியாழக்கிழமை. காலை மணி பத்தே முக்கால். கார்த்திகை மாதம். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் பக்கம் சாதிக் கலவரம் நடந்த வருஷம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அது எந்தப் பக்கத்து ஊர் என்றுதான் முதலில் கேட்பீர்கள். செத்தவள் எந்தப் பக்கம் என்றும் கேட்பீர்கள். அந்தக் கணக்குக்கு நான் வரவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எழுத்து வேலை. ஓய்வு நேரத்தில் பிடி அரிசிச் சங்கம். பெரிய சங்கம் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் பெண்கள் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்து தனிப் பானையில் போடுவார்கள். மாதம் ஒரு தடவை அதைச் சேர்த்து, ஐந்து கிலோ பைகளாகக் கட்டி, கரிசல்காட்டு ஊர்களுக்குக் கொண்டுபோவோம். பிள்ளைகள் கைவிட்ட கிழடுகள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அவர்களுக்கு.

அந்த வாரம் பஸ் இல்லை. ரேஷன் கடை பூட்டு. ஊர்களில் இளவட்டங்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். நடக்க முடியாதவர்கள்தான் மிச்சம். போகாதே என்று அம்மா சொன்னாள். போனேன். தைரியசாலி என்று நாலு பேர் சொல்லட்டும் என்ற ஆசையும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாகலாபுரம் ரோட்டில் ஐந்து ஊர். நான்கு ஊர் முடிந்தது. ஐந்தாவது ஊரின் கடைசி வீடு பேச்சியம்மாளுடையது. ஆடு மேய்த்த குடும்பம். புருஷன் இல்லை. இரண்டு மகன்கள் திருப்பூரில். வருவதில்லை, எழுதுவதில்லை. அவளோடு செல்வி என்று ஏழு வயதுப் பெண் இருந்தாள். தாயும் தகப்பனும் ஒரே பட்டாசு விபத்தில் போய்விட்டார்கள். பேச்சியம்மாளுக்கு அவள் ரத்த சொந்தம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை. 'கெடக்கட்டும், எங்கூட' என்று வைத்துக்கொண்டாள்.

வேனில் இரண்டு பை மீதி. இரண்டும் அந்த வீட்டுக்கு.

வேன் ஊர் முகப்பில் நிற்கிறது. உள்ளே வந்தால் புதைந்துவிடும். வீட்டுக்கு நூறு எட்டு இருக்கும். நான் வெறுங்கையோடு போகிறேன். எப்போதும் அப்படித்தான். முதலில் போய்க் கேட்பது, பிறகு திரும்பி வந்து பையைத் தூக்கிக்கொண்டு போவது. கேட்காமல் கொண்டுபோய் வாசலில் வைத்தால் பிச்சை போட்ட மாதிரி இருக்கும் என்று நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம்.

வாசலை எட்டும்போது தூரத்தில் ஒரு வெடி. மேற்கே. வேன் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அண்ணாச்சி ஹாரன் அடிக்கிறார். விட்டு விட்டு, மூன்று தடவை.

"சோலி முடிஞ்சா வந்து ஏறுல! ஆளுக வாராவ!"

பேச்சியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி செல்வி.

"ஆத்தா, அரிசி இருக்கா?"

"நெறைஞ்சு போச்சுய்யா."

இங்கே நிறுத்துகிறேன். உங்களுக்கும் தெரியும். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் பொம்பளைகள் 'அரிசி இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டு லட்சுமி போய்விடுவாள். பானை காலியானால் 'நெறைஞ்சு போச்சு' என்பார்கள். என் அம்மா சொல்லுவாள். மாதக் கடைசியில் அவள் அப்படிச் சொன்னால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

எனக்குப் புரிந்தது. புரிந்த அந்த நொடியிலேயே இன்னொன்றும் தெரிந்தது. அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டால் நான் திரும்ப நூறு எட்டு நடக்க வேண்டாம். பையோடு மறுபடி வர வேண்டாம்.

சட்டைப் பையில் ஒரு கடலைமிட்டாய் பாக்கெட் இருந்தது. எடுத்து செல்வி கையில் கொடுத்தேன். அதைக் கொடுத்ததும் மனசு கொஞ்சம் லேசானது. வெட்கங்கெட்ட மனசு.

"சரி ஆத்தா. போயிட்டு வாரேன்."

"வாங்கய்யா."

ஓடி வந்து ஏறினேன். நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'இருப்பு உள்ளது' என்று எழுதினேன். எழுத்து இன்றைக்கும் என் கண்ணில் தெளிவாக நிற்கிறது.

இரண்டு மைல் போயிருப்போம். சின்னப் பாலத்தில் ரோட்டுக்குக் குறுக்கே வேலிக்கருவை முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி பிரேக் போட்டார். அதற்குப் பிறகுதான் எங்கள் மேல் முதல் வெடி, அண்ணாச்சியின் காதோரம். பிறகு சோளக்காடு. மத்தியானம் வரை ஓர் ஓடைப் பள்ளத்தில் படுத்துக்கிடந்தோம். வேன் எரிகிற புகை தெரிந்தது. புகையில் அரிசி கருகுகிற வாடை வந்தது. சத்தியமாக வந்தது.

ஒன்பதாம் நாள் போலீஸ் காவலோடு அந்த ஊருக்குப் போனோம். பேச்சியம்மாள் இல்லை. சனிக்கிழமை காலையிலேயே அவளைப் பாலத்துப் பக்கம் பிணமாக எடுத்திருந்தார்கள். எங்கள் வேன் எரிந்து நின்ற இடம். கல் படவில்லை. குண்டு படவில்லை. பசி, மழை, வயது. மடியில் கொஞ்சம் கருகின அரிசி இருந்ததாம். மண்ணும் சாம்பலும் கலந்து.

செல்வி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மிச்சமிருந்த நாலு கிழவிகளோடு அவளையும் அங்கே வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டாள். அழவில்லை. கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நீங்க போயிட்டு வாரேன்னு சொன்னியல்லா. ஆத்தா ஒடனே உலை வச்சா. அரிசி இந்தா வந்துரும்ட்டின்னா. தண்ணி சுண்டச் சுண்ட ஊத்துனா. இருட்டுத வரைக்கும் ஊத்துனா."

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மறாநாளும் வச்சா. அவியளுக்கு வெளங்கிருக்கும்ட்டி, வராம இருக்க மாட்டாவன்னு சொன்னா. அப்புறம் ரோட்டுப் பக்கம் ஒங்களப் பாக்கத்தான் போனா. நான் முட்டாயத் தின்னுட்டு இருந்தேன்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். போகாமல் இருந்திருக்கலாம். அடுப்பில் பானை அப்படியே இருந்தது. அடி கறுத்து, ஓரத்தில் வெடித்து. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டு.

செல்வியைக் கயத்தாறு பக்கம் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். நல்ல இல்லம். படித்தாள். இப்போது அங்கேயே சமையல் பொறுப்பு. பிடி அரிசியை நாங்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். இப்போதெல்லாம் கேட்பதில்லை. பையை முதலில் இறக்கிவிட்டுத்தான் பேச்சு.

சங்கத்தில் எல்லாரிடமும் 'அவ நெறைஞ்சு போச்சுன்னா, எனக்குப் புரியல' என்றேன். நம்பினார்கள். இளவயசு, பயம், விடு என்றார்கள். அண்ணாச்சி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் வீட்டில் பொண்டாட்டி இருக்கிறாள். அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. காலிப் பானையை என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுவாள்.

நான் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் 'போறேன்' என்றுதான் சொல்லுகிறேன். பெண்டுகள் முகம் சுளிக்கிறார்கள். அபசகுனமாம். ஒருநாள் இல்லத்திலிருந்து கிளம்பும்போது செல்வியிடமும் அப்படியே சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன்னு சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள்.

என்னால் முடியவில்லை.

போனவை. வேன் ஒன்று. அரிசிப் பை இரண்டு, பத்துக் கிலோ, எத்தனையோ வீட்டுப் பெண்களின் ஒவ்வொரு பிடி. மாடசாமி அண்ணாச்சியின் இடது காது. என் வலது செருப்பு. பேச்சியம்மாள், வயது எழுபதுக்கு மேல். அவள் எனக்காக வைத்த உலை, இரண்டு நாள்.