வெளிச்சவீட்டுக்கு ஏழாம் இடம்

தரவரிசை போடுவது நிதானமான வேலை. கோபக்காரனுக்கும் அவசரக்காரனுக்கும் அது சரிவராது. குருநகரில் யாரிடமும் விசாரித்துப் பாருங்கள். இந்த றஜிந்தன், அதாவது நான், சத்தம் போட்டுக் கதைத்ததைக் கேட்டதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

நீங்கள் விளையாடுகிறவர் அல்ல என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். 'கிரே கோட்' என்று ஒரு கணினி விளையாட்டு, பாகம் பாகமாக வந்துகொண்டிருக்கிறது. சாம்பல் கோட்டுப் போட்ட ஒருவன், எங்களுக்கு அவன் 'கோட்டண்ணை', ஒவ்வொரு மிஷனிலும் காவல் நிறைந்த ஓர் இடத்துக்குள் புகுந்து, சொன்ன ஆளைத் தீர்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியேற வேண்டும். சுடுவது எந்த மடையனுக்கும் வரும். ஒளித்துப் போய் ஒளித்து வருவதில்தான் விளையாட்டு இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் என்னுடைய கொம்பியூட்டர் கடையில் கூடுவோம். எது சிறந்த மிஷன் என்று வாய் ஓயாமல் சண்டை பிடிப்போம். கடைசியில் கை உயர்த்தி வாக்கு. வரிசையைச் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் நான் எழுதுவேன். கடை என்னுடையது, மின்சாரம் என்னுடையது, நியாயமும் பெரும்பாலும் என்னுடையதுதான்.

முதலாம் இடத்தில் நெடுநாளாக 'வெளிச்சவீடு' இருந்தது. முன்பு ஒருவரும் மதிக்காமல் கிடந்த மிஷன் அது. கோட்டண்ணை படகுக்காரன் வேடத்தில் எண்ணெய் நிரப்பிய பிளாஸ்டிக் கானைத் தோளில் வைத்துக்கொண்டு, கலங்கரை விளக்கம் நிற்கிற தீவுக்குள் நடந்து போவான். அங்கே ஒரேயொரு பொருளைச் சற்று அசைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஆள் கடலில் சாவான், விபத்து என்று எல்லோரும் நம்புவார்கள். அதன் அழகை இவர்களுக்கு எடுத்துச் சொல்லி முதலாம் இடத்துக்குக் கொண்டுவந்தவன் நான். அப்பா கடலில் பெயர் எடுத்தவர். தம்பி டிலக்ஷன் ஊருக்கே செல்லப்பிள்ளை. எனக்கு இருந்தது அந்தப் பலகை.

டினேஸ் அதைக் கெடுத்தான். நல்ல பெடியன், சொந்தப் படகில் தொழில் செய்கிறவன், தம்பியின் உயிர்ச் சிநேகிதன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணை, உது நடக்கிற காரியமே? ஒருத்தன் கானோடை நடந்து போறான், வழி முழுக்கக் காவல்காரன் நிக்கிறான், ஒருத்தன்கூட எங்கை போறாய் எண்டு கேக்கேல்லை. எங்கடை ஒழுங்கையாலை பாண் வாங்கப் போனாலே நாலு பேர் கேப்பினம்."

"எங்கடை மாமியை அந்தத் தீவிலை காவலுக்கு விட்டால் கோட்டண்ணை கரையிலையே பிடிபட்டிருப்பார்," என்றாள் எங்களோடு விளையாட வரும் ஜெனிற்றா. கடை முழுவதும் சிரித்தது. வாக்கெடுத்தபோது டிலக்ஷனும் டினேசின் பக்கம் கை உயர்த்தினான். "கோவிக்காதை அண்ணை. டினேஸ் சொல்லுறதுதான் சரி," என்றான். வெளிச்சவீடு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. என் கையாலேயே அழித்து எழுதினேன். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. அவமானம் என்று எழுதிவிடாதீர்கள். டினேஸ் சொன்னது பிழை, அதுதான் காரணம். அவன் கடலுக்குப் போகிறவன், அவனுக்கே அது பிழை என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கரையில் ஒருவனை எங்கே போகிறாய் என்று யாருமே கேட்காத நேரம் ஒன்று இருக்கிறது. அவன் தொழிலுக்குப் புறப்படும் நேரம். கேட்டால் சகுனப்பிழை. கேட்கப்பட்டவன் முகத்தைச் சுழித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவான். அன்றைக்குப் படகில் ஏறமாட்டான். சின்னப்பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆகவே வெளிச்சவீடு குருநகரில் நடக்கும். ஒரு பிழையைத் திருத்துவது குற்றம் என்று நான் நினைக்கவில்லை.

அப்பாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய்க் கானைத் தோளில் வைத்து, ஒரு நாள் பின்னேரம் கரைக்குப் போனேன். படகுகள் வெளிக்கிடுகிற நேரம், கரை முழுக்கச் சனம். முதிய மீனவர் கனிசியஸ் அப்பு வலையின் கிழிசல் பொத்திக்கொண்டிருந்தார். கடை திறந்த நாளில் இருந்து கடற்பக்கமே போகாதவன் நான், அது அவருக்குத் தெரியும். இருந்தும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நீட்டியிருந்த காலை மடக்கி வழிவிட்டார். ஐஸ் பெட்டி தூக்கிய பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் நடந்ததில்லை.

டினேசின் படகு முழங்கால் தண்ணீரில் நின்றது. படகின் அடியில், உள்ளே சேரும் தண்ணீரை வடியவிட ஒரு துவாரம் இருக்கும், அதற்கு ஒரு அடைப்பு. அதைத் தளர்த்தினேன். மற்றதை எஞ்சினின் அதிர்வு பார்த்துக்கொள்ளும். அவன் நனைந்துபோய் வெட்கத்தோடு திரும்பி வருவான், அவ்வளவுதான் என் எண்ணம்.

அப்படியென்றால் படகின் முன்பக்கம், அணியத்தில் கட்டியிருந்த வெறும் கான்கள் இரண்டையும் ஏன் அவிழ்த்து எடுத்தாய் என்று கேட்பீர்கள். உண்மைதான், படகு தாழ்ந்தால் பிடித்து மிதக்க அவர்கள் வைத்திருப்பது அதைத்தான். ஆனால் நான் திரும்பி வரவேண்டுமே. படகில் ஏறாமல் கரைக்குத் திரும்புகிறவனைச் சனம் பார்க்கும். வெறும் கானோடு வருகிறவனை எண்ணெய் வாங்கப் போகிறான் என்று நினைத்துக்கொள்ளும். என்னுடையது நிரம்பியிருந்தது, அதைப் படகிலேயே விட்டேன். இதெல்லாம் ஒழுங்காக விளையாடத் தெரிந்தவனுக்கு இயல்பாக வருவது.

ஒழுங்கை முனையில் டிலக்ஷன் வந்துகொண்டிருந்தான். கையில் சோற்றுப் பார்சலும் டோர்ச்சும். என் தோளில் இருந்த கான்களில் டினேஸ் தீட்டிய பச்சைக் கோடு நன்றாகத் தெரிந்தது. தம்பி அதைப் பார்க்கவில்லை. என் தலையைத்தான் பார்த்தான்.

"அப்பான்ரை தொப்பி உனக்கு வடிவாக் கிடக்கு," என்றான். பிறகு, "சரி, வாறன் அண்ணை," என்றான்.

"ஓம்," என்றேன்.

அன்றைக்குக் காற்றும் இருந்தது. படகு தாழ்ந்தபோது டினேஸ் நீந்திப்போய், வலை கட்ட நட்டிருந்த கழி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வேறு படகு அவனைத் தூக்கியது. டிலக்ஷன் பிறகுதான் கரை ஒதுங்கினான். மரண விசாரணையில் விபத்து என்று எழுதினார்கள். டினேஸ் அழுதழுது தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டான், அடைப்பைத் தான் சரியாகப் பார்க்கவில்லையாம். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

எங்கள் அம்மா றெஜினா செத்தவீட்டில் ஒரே பாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தா. "போற வழியிலை ஆரேன் ஒருத்தர் எங்கை போறாய் எண்டு கேட்டிருந்தால் என்ரை பிள்ளை திரும்பி வந்திருப்பானே." என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னா. துக்கத்தில் பெற்றவள் அப்படித்தான் கதைப்பா. கடலுக்குப் போகிறவனை அப்படிக் கேட்கக்கூடாது என்பது அம்மாவுக்கும் தெரியும்.

தம்பி எந்தப் படகுக்குப் போகிறான் என்று எனக்குத் தெரியாது என்றுதான் முதலில் சொல்ல நினைத்தேன். அது சரியாக இராது. டினேசின் படகைத் தவிர வேறு எதிலும் அவன் ஏறியதில்லை. இரண்டு சொல் கேட்டிருந்தால் போதும். தொண்டை வரை வந்தது. ஆனால் கேட்டிருந்தால், கரை முழுக்க ஒருவரும் கேட்கவில்லை என்பது இல்லாமல் போய்விடும். நானே கேட்டதாக ஆகிவிடும். அதோடு டினேஸ் சொன்னதுதான் சரி என்றும் ஆகிவிடும்.

தம்பியின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கடைக்கு வந்தார்கள். டினேஸ் பேனையை எடுத்து, டிலக்ஷனுக்குப் பிடித்த 'மீன் சந்தை' மிஷனை முதலாம் இடத்தில் எழுதினான். பிறகு, கடலில் ஆள் சாகிற மிஷன் இனி இந்தப் பலகையில் வேண்டாம் என்று சொல்லி, வெளிச்சவீட்டைக் கைவிரலால் அழித்துவிட்டான். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழாம் இடமும் வெறுமையாகக் கிடந்தது.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை. யாரும் சந்தேகப்படவுமில்லை, படப்போவதுமில்லை. நானாகத்தான் பொலிஸ் நிலையத்துக்கு வந்து இந்த வாங்கில் உட்கார்ந்தேன். மனச்சாட்சி என்று எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதிக்கொள்ளுங்கள். தம்பியைக் கொன்றது நான். எந்தத் தண்டனைக்கும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

ஒரேயொரு உதவி செய்யுங்கள். டினேசைக் கூப்பிட்டு நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டு, நியாயமாக இப்போது வெளிச்சவீட்டை எத்தனையாம் இடத்தில் போடுவான் என்று கேட்டுச் சொல்லுங்கள்.